உய்குர்களும் ஜெனீவா ஓட்டும்

மனித உரிமை அமைப்பு எதுவாவது அறிக்கை விட்டால் போதும், "மேற்கத்திய நாடுகளின் கைக்கூலி" என்ற பதில் தயாராக இருக்கும். அறிக்கையைப் பிரித்துப் படிப்பவர்கள்தான் குறைவு.

சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் வாழும் உய்குர் முஸ்லிம்கள் விஷயத்திலும் இதுதான் நடந்தது. 2017 முதல் லட்சக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். தாடி வளர்த்தது, முக்காடு போட்டது, பாஸ்போர்ட்டுக்கு மனு செய்தது... எல்லாமே தீவிரவாதத்தின் அடையாளமாம்! 2018 ஆகஸ்டில் ஐ.நா. குழு முன்னால், அப்படி எதுவும் இல்லை என்றது சீனா. அக்டோபரில் அதே முகாம்கள் "தொழிற்பயிற்சி மையங்கள்" ஆகிவிட்டன.

ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த மிஷெல் பாச்செலெட் 2022 மே மாதம் சீனா போய் வந்தார். அறிக்கை வந்ததோ ஆகஸ்ட் 31 அன்று, அவர் பதவிக்காலம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது! காவல்காரரே இப்படித் தயங்கினால் யார் நம்புவார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் தயங்கித் தயங்கி வந்த அறிக்கை ஒன்றும் சொத்தையானதல்ல. 40 பேரிடம் எடுத்த விரிவான பேட்டிகளோடு, சீன அரசின் சொந்தச் சட்டங்களும் ஆவணங்களும் புள்ளிவிவரங்களும்தான் அதன் ஆதாரம். மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்திருக்கலாம் என்பது அதன் முடிவு. சீனாவின் கணக்கையே எடுத்துக் காட்டினால் அதில் மேற்கத்திய சதி எங்கே வந்தது?

அமெரிக்காவுக்கு இதைப் பேச யோக்கியதை உண்டா என்றால், சந்தேகம்தான். குவாண்டானமோ சிறையில் 22 உய்குர்களைப் பூட்டி வைத்த நாடு அது. கடைசி மூவர் வெளியே வந்தது 2013 டிசம்பரில். குற்றம் சாட்டுகிறவர் கை சுத்தமில்லை என்பதற்காக, முகாமில் இருந்தவர் பட்ட அடி பொய்யாகிவிடாது.

2022 அக்டோபர் 6 அன்று மனித உரிமைக் கவுன்சிலில் ஓட்டெடுப்பு. கண்டனத் தீர்மானம்கூட இல்லை, அறிக்கையைப் பற்றி விவாதிக்கலாமா என்பதற்குத்தான்! ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார் எல்லாம் எதிர்த்தன. சோமாலியா ஆதரித்தது. அறிக்கை எழுதியது ஆணையர் அலுவலகம், அதைப் புதைத்தது அரசுகள். இரண்டுக்கும் "ஐ.நா." என்றே பெயர்!

தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று, இதே கவுன்சிலில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29 ஓட்டுகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை 12. அந்த 29-ல் சீனாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. 2022-ல் உய்குர்களுக்காக ஓட்டுக் கேட்டபோது இந்தியா நடுநிலை.