கண்ணாடி லிஃப்டும் பக்கத்து நாற்காலியும்

நிற்பது என்னவோ தரையில்தான். ஆனாலும் உள்ளங்கை வேர்க்கிறது, முழங்கால் நடுங்குகிறது. தலையில் மாட்டிய கனத்த கருவிக்குள் அவருக்குத் தெரிவது 49 மாடி ஏறும் கண்ணாடி லிஃப்ட். பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது: இப்போது பயம் நூற்றுக்கு எவ்வளவு?

1990களின் முற்பாதியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உயரத்துக்கு அஞ்சும் மாணவர்களுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை இது. எமரி பல்கலைக்கழக உளவியலாளர் பார்பரா ராத்பாமும், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் கம்ப்யூட்டர் நிபுணர் லாரி ஹாட்ஜஸும் கூட்டாளிகள். கம்ப்யூட்டர் வரைந்த போலி உலகத்துக்குள் ஆளையே இறக்கிவிடும் 'வர்ச்சுவல் ரியாலிட்டி' அன்று பெரும்பாலும் வேடிக்கைப் பொருள். அதை மருந்தாக்க முயன்றார்கள் இவர்கள்.

ராத்பாம் இயந்திரங்களிலிருந்து வந்தவர் அல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சிகிச்சையில் எட்னா ஃபோவாவுடன் பணியாற்றியவர். அங்கே கற்ற பாடம் எளிமையானது: விலகி ஓட ஓட பயம் வளரும், பாதுகாப்பான இடத்தில், துணையோடு, படிப்படியாக எதிர்கொண்டால் அடங்கும். சிக்கல் நடைமுறையில்தான். பயப்படுபவரை எத்தனை முறை மாடிக்கு அழைத்துப் போவது? முடிந்துபோன போரை எங்கிருந்து கொண்டுவருவது?

1995இல் வெளியான முதல் ஆய்வின் முடிவு வியப்பூட்டியது. சிகிச்சையை முடித்த 10 பேரில் 7 பேர், யாரும் சொல்லாமலே நிஜமான உயரங்களை ஏறிப் பார்த்திருந்தார்கள். அடுத்து, வியட்நாம் போரிலிருந்து திரும்பியும் மனத்தளவில் திரும்பாத முன்னாள் வீரர்கள். அவர்களுக்காக ஹெலிகாப்டரும் காட்டு வெளியும் உருவாயின. வீரர் தன் நினைவைச் சொல்லச் சொல்ல, அதற்கேற்ற ஒலியையும் காட்சியையும் சிகிச்சையாளர் கூட்டினார், குறைத்தார். 2001இல் வெளியான இந்த ஆய்வில் 10 பேரே இருந்தார்கள். வேதனை குறைந்தது; மறைந்துவிடவில்லை.

இதற்கிடையே ராத்பாமும் ஹாட்ஜஸும் இந்தத் தொழில்நுட்பத்தை விற்க நிறுவனமும் தொடங்கியிருந்தார்கள். விற்பவரே பலனை அளக்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் விமானப் பயணப் பயம் பற்றிய அவர்களது 2000ஆம் ஆண்டு ஆய்வு, போலி விமானம் நிஜ விமானத்தை வென்றதாகச் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கே அழைத்துச் செல்லும் பழைய முறையும் அதே அளவு பலன் தந்ததாக ஒப்புக்கொண்டது. ஒரே லாபம், ஊர் சுற்ற வேண்டியதில்லை.

ராத்பாமின் மிக முக்கியமான பாடம் 2014இல் வந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பாதிக்கப்பட்ட 156 பேருக்கு இதே முறையில் சிகிச்சை. கருவியை மாட்டுவதற்கு முன் ஒரு பிரிவினருக்குப் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம், இன்னொரு பிரிவினருக்கு வெறும் மாத்திரை. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வெறும் மாத்திரை விழுங்கியவர்களில் 47.8 சதவீதத்தினருக்கு நோய் நீடித்தது. அல்பிரசோலம் விழுங்கியவர்களிலோ 82.8 சதவீதம்.

பதற்றத்தை மாத்திரையால் அமுக்கியவர்களுக்கே பலன் குறைவு. பயம் வர வேண்டும், வந்தது தானாகத் தணிவதை மனம் பார்க்க வேண்டும் என்ற பழைய பாடத்தோடு இது பொருந்துகிறது. அதேசமயம், கருவி இருந்தும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குணமாகவில்லை என்பதையும் அந்த எண்கள் மறைக்கவில்லை.

அன்று ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருந்த கருவி இன்று கடையில் கிடைக்கிறது. லிஃப்ட்டை அது எத்தனை மாடிக்கும் ஏற்றும். எந்த மாடியில் நிறுத்த வேண்டும் என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அந்த ஆளைக் கடையில் வாங்க முடியாது.