பழைய ஃப்ளாக்‌ஷிப் ஹெட்போன் இப்போ வாங்கலாமா? சவுண்டுக்கு வயசாகல... பேட்டரிக்குத்தான் ஆகுது!

2018-ல் சோனியின் டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்3 இந்தியாவுக்கு வந்தப்போ விலை கிட்டத்தட்ட 30,000 ரூபாய். இப்போ செகண்ட் ஹேண்டில் அதைவிடப் பல மடங்கு குறைவா கிடைக்குது. அதே காசுக்கு, சீல் பிரிக்காத புது ப்ளூடூத் ஹெட்போனும் வாங்கலாம். அன்னிக்கு டாப்ல இருந்த பழசா, இன்னிக்கு சுமாரா இருக்கிற புதுசா?

இதுக்கு ஒரே பதில் கிடையாது. வயர் இருக்கா, இல்லையா என்பதைப் பொறுத்து கதையே மாறிடும்.

முதல்ல வயர். சென்ஹெய்சர் ஹெச்டி 600 என்று ஒரு ஹெட்போன். 1997-ல் வந்தது. இதைப் படிக்கிற பலர் அப்போ பிறந்தே இருக்க மாட்டீங்க! ஆனா அது இன்னிக்கும் புதுசா விற்பனையில் இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சும் ரிவ்யூ பண்றவங்க புது மாடல்களை அதோட ஒப்பிட்டுத்தான் பேசுறாங்க. காரணம் சிம்பிள். உள்ளே இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதிர்கிற ஒரு மெல்லிய சவ்வு. இந்த அடிப்படை இப்போ வரும் ஹெட்போன்களிலும் பெருசா மாறல. இயர் பேடு தேய்ஞ்சா மாத்தலாம், கேபிள் போனா கழட்டி வேற போடலாம். சாஃப்ட்வேர் அப்டேட் நின்னுபோச்சேன்னு கவலைப்பட அதில் சாஃப்ட்வேரே இல்லை.

குறையும் உண்டு. அது ஓப்பன் பேக் மாடல். பஸ்ல போட்டா பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து பாட்டு கேட்பார். 300 ஓம் என்பதால் சாதாரண போன் டாங்கிளில் சத்தம் கம்மியாத்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து நிம்மதியா கேட்கிற ஆளுக்கான பொருள்.

2016-ல் ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக்கை ஆப்பிள் தூக்கினப்போதான் ஆட்டம் மாறுச்சு. அதுவரை போனுக்குள் இருந்த வேலை எல்லாம் ஹெட்போனுக்குள் இடம் மாறுச்சு. சிப், ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, சாஃப்ட்வேர் எல்லாமே காதுமேலதான். போனுக்கு இருக்கிற மாதிரி ஹெட்போனுக்கும் எக்ஸ்பைரி டேட் வந்தது அப்படித்தான்.

ஆனா இந்த பேட்டரி பயத்திலும் ஒரு கணக்கு இருக்கு. லித்தியம் பேட்டரி பொதுவா 300 முதல் 500 முழு சார்ஜ் வரை நல்லா உழைக்கும், அப்புறம் மெல்ல சரியும். எக்ஸ்எம்3 ஒரு சார்ஜில் 30 மணி நேரம் ஓடும். தினம் 3 மணி நேரம் கேட்டாலும் பத்து நாளைக்கு ஒரு சார்ஜ், வருஷத்துக்கு 36 தடவைதான். அப்போ சார்ஜ் எண்ணிக்கை அதைக் கொல்றதில்லை. வெயிலும், மாசக்கணக்கில் ஜீரோவில் கிடப்பதும்தான் எமன். தினம் பயன்படுத்தினதைவிட அலமாரியில் மறந்துபோனதைத்தான் சந்தேகப்படணும். இயர்பட்ஸ் கதை நேர் எதிர். குட்டி பேட்டரி, தினமும் சார்ஜ், பிரிச்சு மாத்தவும் கஷ்டம். அதனால பழைய காஸ்ட்லி இயர்பட்ஸை, சும்மா கொடுத்தா மட்டும் வாங்கலாம்.

சரி, புதுசுல நிஜமாவே என்ன கூடியிருக்கு? நாய்ஸ் கேன்சலேஷன், சந்தேகமே இல்லாம. 2025-ல் வந்த எக்ஸ்எம்6-ல் 12 மைக். டிரெயின் இரைச்சலில் போன் பேசுறவங்களுக்கு அந்த வித்தியாசம் பெருசு. லேப்டாப்பையும் போனையும் ஒரே நேரத்தில் கனெக்ட் பண்றது எக்ஸ்எம்3-ல் முடியாது, எக்ஸ்எம்4-ல் இருந்துதான் வந்தது. சவுண்டுல அவ்வளவு பாய்ச்சல் இருக்குன்னு சொல்ல மாட்டேன். ப்ளூடூத்தில் தரமான ஆடியோ தர்ற எல்டிஏசி எக்ஸ்எம்3-லயே இருக்கு. புதுசு எல்லாம் முன்னேற்றம்னும் சொல்ல முடியாது. மடிக்கிற வசதியை எக்ஸ்எம்5-ல் எடுத்தாங்க, எக்ஸ்எம்6-ல் திருப்பிக் கொடுத்தாங்க!

இன்னொரு விஷயம் கவனிங்க. எக்ஸ்எம்3 மாதிரி ஹெட்போன்களில் பேட்டரி செத்தாலும் வயர் குத்தினா பாட்டு வரும். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ், சார்ஜ் இல்லைன்னா வயர் போட்டாலும் வாய் திறக்காது. அதைவிட விலை கம்மியான ஹெட்போன்கள் பேட்டரி போன பிறகும் உழைக்க இதுவே ஒரு காரணம்.

இதெல்லாம் மாறுமா? ஐரோப்பிய யூனியன் சட்டப்படி 2027 பிப்ரவரியில் இருந்து, கையடக்க சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழட்டி மாத்த முடியணும். அது முடியாத விஷயமும் இல்லை. ஃபேர்போன் நிறுவனம் 2023-லயே அப்படி ஒரு ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கு. சட்டம் அங்கேதான், ஆனா பலன் இங்கேயும் வரலாம். டைப்-சி கட்டாயம்னு அங்கே சட்டம் வந்த பிறகு, 2024-ல் ஏர்பாட்ஸ் மேக்ஸ் உலகம் முழுக்க டைப்-சிக்கு மாறுச்சே.

அதுவரைக்கும் செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஃபுல் சார்ஜில், நாய்ஸ் கேன்சலேஷனை ஆன் பண்ணி ஒரு மணி நேரம் ஓடவிடுங்க. 100-ல் இருந்து 80-க்கு இறங்கினா, விற்கிறவர் 30 மணி நேரம்னு சொன்னாலும் அது 5 மணி நேர ஹெட்போன்தான். இயர் பேடு உரிஞ்சிருந்தா பயப்படாதீங்க, அதை மாத்திக்கலாம். அதைக் காட்டி விலையைக் குறைச்சுக் கேளுங்க.