வரைஞ்ச கை யாருது?

'காமிக்ஸ்ல போயி சாதி, பொம்பளைன்னு தேடுறீங்களே சார், பசங்க படிக்கிற பொம்மைப் புஸ்தகந்தானே' என்கிறார்கள். எல்லாம் படித்தவர்கள். வங்கியில் என் பக்கத்து மேசைக்காரர் சொன்னார். இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்ற சக கவிஞரும் சொன்னார். இருவரும் புரட்டியது ஒரே புத்தகம்: பீமாயணம். அம்பேத்கர் பட்ட தீண்டாமையைப் படங்களாகச் சொல்லும் இந்தக் கிராபிக் நாவலை 2011ல் நவயானா வெளியிட்டது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த்.

மேசைக்காரரின் குறை: 'கட்டமே இல்ல, கண்ணு எங்க போறதுன்னே தெரியல.' கவிஞரின் குறை: 'பெண்கள் அழகா இல்லையே. எல்லாருக்கும் பக்கவாட்டு முகம், பெரிய கண்ணு.'

இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிட முடியாது. இந்தக் கண்ணைப் பழக்கியது யார்? 1967ல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் புராணத்தையும் வரலாற்றையும் படம் போட்டுக் காட்டியது. தேவர் வெளுப்பு, அசுரர் கறுப்பு. நாயகி சிவந்த கொடியிடையாள். அரக்கி கறுத்துத் தடித்தவள். பத்மினி தீயில் இறங்கினால் அது வீரம். இதைப் படித்து வளர்ந்த கண்ணுக்கு நம்ம ஆத்தா, அத்தை, அக்கா முகமெல்லாம் எந்தப் பக்கத்தில் தெரியும்? அரக்கி பக்கத்தில்தான். அம்பேத்கருக்கும் 1979ல் ஓர் இதழ் போட்டார்கள். போட்டு என்ன, கண்ணு மாறிடுச்சா?

'காமிக்ஸில் பெண்கள்' என்று பேச்செடுத்தாலே உடுப்பை அளக்கிறார்கள். ஒருத்தன் ரசிக்கிறான், இன்னொருத்தன் மூடச் சொல்கிறான். ரெண்டு பேருமே பார்ப்பது உடம்பை. அவள் என்ன பேசினாள் என்று எவனும் கேட்பதில்லை.

பீமாயணத்தில் கதையைச் சொல்பவள் ஒரு பெண். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் இட ஒதுக்கீட்டைத் திட்டுகிறான். அவனுக்கு அவள் அம்பேத்கரைச் சொல்லத் தொடங்குகிறாள். ஆணுக்கு இட ஒதுக்கீட்டைப் பாடம் நடத்தும் பெண்ணை இந்த நாட்டுக் காமிக்ஸில் வேறெங்கே பார்த்தீர்கள்? பேச்சு கயர்லாஞ்சிக்கும் போகிறது. 2006 செப்டம்பர் 29ல் சுரேகா போட்மாங்கேயும் மகள் பிரியங்காவும் மகன்கள் இருவரும் கொல்லப்பட்ட மகாராஷ்டிரத்து ஊர் அது. அந்தக் கதையிலயும் பொம்பளைங்க அழகா இருக்கணுமா அய்யா?

சாதித் திமிரில் பேசுகிறவனின் வசனத்துக்குத் தேள்கொடுக்கு முளைத்திருக்கிறது. ஈரமுள்ளவர் பேச்சு பறவை வடிவத்தில் வருகிறது. கொட்டு வாங்கினவனுக்கு அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணு எங்க போறதுன்னு அவன் கேக்க மாட்டான். ஆட்களைக் கட்டத்துக்குள் அடைத்தால் மூச்சுமுட்டும் என்று மறுத்தவர்கள் வரைந்த ஓவியர்களே. ஊருக்கு வெளியே கோடு கிழித்து நிறுத்தப்பட்ட நமக்கு இது புரியாதா?

இனி நம்மாட்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் புத்தகம் பற்றி நான் போன கூட்டங்களில் அம்பேத்கர் பெயர் நூறு தடவை வந்தது. பதிப்பாளர் பெயரும் வந்தது. வரைந்தவர்களை மட்டும் 'கோண்டு ஓவியர்கள்' என்று ஒரே மூச்சில் தாண்டிப் போனார்கள். சனத்தின் பேரைச் சொல்லி ஆளின் பேரை விழுங்குவது நமக்கும் நடந்ததுதானே தோழர்களே? அதையே நாம ஒரு ஆதிவாசிப் பெண்ணுக்குச் செய்யலாமா? துர்காபாய் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா பகுதிக்காரர். வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் இடும் டிக்னாவைப் பாட்டியிடம் கற்றவர். சென்னை தாரா புக்ஸ் 2006ல் வெளியிட்ட 'இரவில் மரங்களின் வாழ்வு' ஆங்கில நூலை வரைந்த மூவரில் ஒருவர். அரசு 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தது. அரசுக்குத் தெரிந்த பெயர் நம்ம மேடைக்குத் தெரியவில்லை என்றால் அது வெட்கக்கேடு.

காமிக்ஸில் எத்தனை பெண்கள் என்று எண்ணுவது போதாது. வரைஞ்ச கை யாருது, வாயைத் திறக்கிறவள் யாரு என்று கேளுங்கள். நம்ம தெருவில் சுவரெல்லாம் கரிக்கட்டையால் கிறுக்குகிற பெண்பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். கட்டம் போட்ட நோட்டு வேண்டாம்.