மூன்றின் விதியை முறையாகக் கற்பிக்க வேண்டும்

நமது கடைகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி வியாபாரிகள் சொல்லும் பொதுவான குறை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். ஆனால் கிலோ 48 ரூபாய் சர்க்கரையில் 350 கிராம் என்ன விலை என்றால் கால்குலேட்டரைத் தேடுகிறான் என்பதே அது. கால் கிலோ 12 ரூபாய், நூறு கிராம் 4 ரூபாய் 80 காசு, ஆக 16 ரூபாய் 80 காசு என்று நம்மவர்கள் பொட்டலம் மடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள்.

குறை உண்மைதான். ஆனால் பழி கால்குலேட்டர் மீது அல்ல. பெருக்கு என்றால் அது பெருக்கும், வகு என்றால் வகுக்கும். எதைப் பெருக்க வேண்டும், எதால் வகுக்க வேண்டும் என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். அந்த அறிவுக்குப் பெயர்தான் விகிதம். நமது மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் விகிதமும் விகித சமமும், ஏழாம் வகுப்பில் நேர் விகிதமும் எதிர் விகிதமும், எட்டாம் வகுப்பில் தள்ளுபடியும் கூட்டு வட்டியும் இருக்கின்றன. ஆகவே பாடம் இல்லை என்று சொல்வதற்கில்லை. அது மனதில் தங்கும்படி நடத்தப்படுகிறதா என்பதே கேள்வி.

பல பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் குறுக்குப் பெருக்கல் ஒன்றுதான். மூன்று எண்ணைக் கொடுத்தால் நான்காவதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்றால் ஆறு படி அரிசிக்கு எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். அரிசியில் இரண்டு கூடியது, உளுந்திலும் இரண்டு கூட்டி மூன்று படி என்பவர்கள் இருக்கிறார்கள். சரியான விடை ஒன்றரைப் படி. கூட்டலால் வளர்வது வேறு, மடங்கால் வளர்வது வேறு என்ற வித்தியாசம் அங்கே பதியவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 50 கிலோ மூட்டையாக 200 மூட்டை வந்த சரக்கை 25 கிலோவாகப் பிரித்துக் கட்டினால் எத்தனை மூட்டை? சூத்திரத்தை மட்டும் நம்பியவன் 100 என்பான். சரக்கைக் கண்ணால் பார்த்தவன் 400 என்பான். ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடுமா, குறையுமா என்று முதலில் யோசிக்கப் பழக்க வேண்டும். பென்சிலை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இது நமக்குப் புதிய கல்வி அல்ல. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தமது நூலில் இந்த மூன்றின் விதியைச் சொல்லியிருக்கிறார். பிரமாணம், பலன், இச்சை என்று மூன்று. தெரிந்த அளவு பிரமாணம். அதற்குக் கிடைப்பது பலன். நமக்கு வேண்டிய அளவு இச்சை. பலனை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகு என்றார். தமிழில் காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரமும் பொன், நெல், நிலம் என்று அன்றாடப் பொருள்களை வைத்தே கணக்குச் சொன்னது. 1957-இல் நயா பைசாவும் 1958-இல் மெட்ரிக் எடையும் வருவதற்கு முன், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, வீசைக்கு 40 பலம். மூன்று பலம் கேட்டு வந்தவருக்கு விலை சொல்லக் கடைக்காரர் மனதுக்குள்ளேயே விகிதம் போட்டாக வேண்டும். பத்து, நூறு என்று வந்தபின் கணக்கு எளிதாயிற்று. அது நல்லதே. ஆனால் அன்றாடம் கிடைத்து வந்த அந்தப் பயிற்சி கடையை விட்டுப் போய்விட்டது. அதை ஈடுசெய்ய வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் நம் கல்லாவிலேயே இருக்கிறது.

80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் 20 ரூபாய். வாங்கிய விலைக்கு அது 25 சதவீதம், விற்ற விலைக்கு 20 சதவீதம். எதற்கு எத்தனை என்று பார்க்காமல், 25 சதவீதம் கிடைக்கிறதே என்று விற்ற விலையில் 22 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 78 ரூபாய்தான் வரும். கைமுதலிலேயே 2 ரூபாய் போய்விடும்.

18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடங்கிய விலை 118 ரூபாய் என்றால் அதில் வரி 18 ரூபாய். 118-க்கே 18 சதவீதம் போட்டு 21 ரூபாய் 24 காசு என்று எழுதுபவர்கள் உண்டு. வரியைப் பிரிக்க 118-இல் 18 பங்கு என்று எடுக்க வேண்டும். இது ஏழாம் வகுப்புக் கணக்கு; ஆடிட்டரிடம் போக வேண்டியதில்லை.

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. 25 கிலோ 1,400 ரூபாய், 26 கிலோ 1,430 ரூபாய் என்றால் எது மலிவு? கிலோவுக்கு 56, கிலோவுக்கு 55 என்று ஒன்றுக்கு வகுத்துப் பார்த்தவருக்கே தெரியும். விலை மாறாமல் 100 கிராம் பாக்கெட் 85 கிராமாகக் குறைந்தால் விலை ஏறக்குறைய 17½ சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். 15 சதவீதம் என்று நினைப்பவரும் ஏமாறுகிறார்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது தண்டல் வட்டி. 10,000 ரூபாய்க்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்து சதவீத வட்டிதானே என்று சிறு கடைக்காரர் நினைக்கிறார். தினமும் அசலில் ஒரு பகுதி திரும்பிப் போவதால், 100 நாளும் அவர் கையில் சராசரியாக நிற்பது 4,500 ரூபாய் அளவே. அதற்கு 100 நாளில் வட்டி 1,000 என்றால் 22 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 80 சதவீதத்தை ஒட்டி வரும். இந்தக் கணக்குப் புரியாமல் மூடப்பட்ட பெட்டிக்கடைகள் எத்தனையோ.

எல்லாம் விகிதத்தில் அடங்கும் என்றும் சொல்லக்கூடாது. ஐந்து மூட்டைக்கு வேன் வாடகை 600 என்றால் ஒரு மூட்டைக்கு 120 ஆகாது. வண்டி கிளம்பவே ஒரு வாடகை உண்டு. எங்கே விகிதம் செல்லாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே முழுமையான பாடம்.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பது முறையல்ல. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி ஆசிரியருக்கு இருக்கிறது. நமது சங்கம் மூன்று காரியங்கள் செய்யலாம். பயன்பாட்டில் இல்லாத தராசு, எடைக்கற்கள், பழைய பில்கள், காலிப் பாக்கெட்டுகள் ஆகியவற்றை அந்தந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குக் கொடுக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருநாள் ஆசிரியருடன் மண்டிக்கு அழைத்து, நிறுப்பதையும் விலை போடுவதையும் காட்டலாம். கல்வி நிதியில் பரிசு கொடுக்கும்போது, மொத்த மார்க்குக்கு மட்டும் அல்லாமல் வாய்க்கணக்குப் போட்டிக்கும் ஒரு பரிசு வைக்கலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூத்திரத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் ஒன்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு விடை கூடுமா குறையுமா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியும் பழகிய பிள்ளை கடைக்கு வந்தாலும், கடன் வாங்கப் போனாலும், சாமான் வாங்கப் போனாலும் ஏமாற மாட்டான். நம்மிடம் வாங்க வரும் அந்தப் பிள்ளையை நாமும் ஏமாற்ற முடியாது. நேர்மையாக வியாபாரம் செய்பவருக்கு அதுவும் ஒரு லாபமே.