உரிமைகளைக் கேட்டு வாங்கியவர்கள்

துப்பாக்கி பற்றிய வழக்கு, பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வழக்கு, பள்ளியில் பிரார்த்தனை நடத்தலாமா என்ற வழக்கு என எதை எடுத்தாலும், அமெரிக்க நீதிமன்றங்களில் இரு தரப்பும் ஒரே சாட்சிகளைத்தான் கூண்டில் ஏற்றுகின்றன. வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், ஹாமில்டன் என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்கள் அவர்கள். ‘நாட்டை நிறுவியவர்கள் விரும்பியது இதுதான்’ என்ற வாக்கியம் நம் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திகளிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது. அதைப் படிக்கப் படிக்க, ஒரே மனதுள்ள சில பெரியவர்கள் கூடி உட்கார்ந்து மக்களுக்கு உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்ற எண்ணம் நமக்குள் உறைந்துவிடுகிறது. நடந்தது வேறு. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் உரிமைகளைப் பட்டியலிட மறுத்தார்கள். அவர்களை எதிர்த்து நின்றவர்கள் விடாப்பிடியாகக் கேட்டதால்தான் அந்தப் பட்டியல் வந்தது.

1787ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் அந்த மாநாடு ரகசியமாக நடந்தது. வந்து போனவர்கள் 55 பேர். கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். வேலை முடியும் தறுவாயில், செப்டம்பர் 12 அன்று, வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்தார். மக்களின் உரிமைகளைச் சொல்லும் பட்டியல் ஒன்று முகப்பில் இருந்தால் நன்றாக இருக்கும், மாநிலங்களின் பிரகடனங்களைக் கையில் வைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். சும்மா சொன்னவர் அல்ல. 1776இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்ததில் பெரும்பங்கு அவருடையது. மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெர்ரி தீர்மானம் கொண்டுவந்தார், மேசன் வழிமொழிந்தார். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் வாக்கெடுத்தபோது ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. மேசன், ஜெர்ரி, வர்ஜீனியாவின் ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப் ஆகிய மூவரும் கடைசி நாளில் அரங்கில் இருந்தும் கையெழுத்துப் போடவில்லை.

நான்கு மாதக் களைப்பு இந்த மறுப்புக்கு ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொன்னால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சனும் பின்னர் அலெக்சாண்டர் ஹாமில்டனும் முன்வைத்த வாதம் யோசிக்க வைப்பது. புதிய மத்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு. பத்திரிகைகளை அடக்கும் அதிகாரத்தை யாரும் கொடுக்காதபோது, அடக்கக் கூடாது என்று எழுதுவது எதற்கு? அப்படி எழுதினால், அந்த அதிகாரம் இருந்ததாகவே ஆகிவிடாதா? பட்டியலில் விடுபட்ட உரிமைகளையெல்லாம் மக்கள் கைவிட்டுவிட்டதாக நாளை ஒருவர் வாதிட மாட்டாரா?

எதிர்த் தரப்பும் சளைக்கவில்லை. அரசமைப்பின் மூல வாசகத்திலேயே சில பாதுகாப்புகள் இருந்தன. கலகமோ படையெடுப்போ இல்லாத காலத்தில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தக் கூடாது. செய்தபோது குற்றமாக இல்லாததைப் பின்னால் சட்டம் போட்டுக் குற்றமாக்கக் கூடாது. குற்ற வழக்குகளில் ஜூரி வேண்டும். பதவிக்கு மதச் சோதனை கூடாது. பட்டியலே ஆபத்து என்றால் இவற்றை மட்டும் ஏன் எழுதினீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தன் அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான எந்தச் சட்டத்தையும் இயற்றலாம் என்று காங்கிரசுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, ஒரு பிரிவு வழிவிட்டிருந்தது. அந்த வழியில் எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பது அவர்கள் கவலை. என் கணிப்பில் இந்த விவாதத்தில் வென்றது எதிர்த் தரப்புதான்.

மாநிலங்கள் அரசமைப்புக்கு ஒப்புதல் தந்த வாக்குக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்ற வாக்கில்தான் ஒப்புதல் தந்தது. அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்த பிறகு. வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. வடக்கு கரோலினா 1789 நவம்பர் வரை வெளியே நின்றது. ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சம்மதமில்லாத ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் புதிய குடியரசு தொடங்கியது.

இந்த இடத்தில் ஜேம்ஸ் மேடிசனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உரிமைச் சாசனத்தின் தந்தை என்று இன்று போற்றப்படும் அவர், தொடக்கத்தில் அதில் பெரிய நம்பிக்கை இல்லாதவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதுதான் அவருடைய நிலை. வர்ஜீனியாவில் அருமையான பிரகடனம் இருந்தும், பெரும்பான்மையினர் நினைத்தபோதெல்லாம் அது மீறப்பட்டதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன் விடாமல் கடிதம் எழுதினார். எந்த அரசானாலும் அதற்கு எதிராக மக்களுக்கு உரிமைப் பட்டியல் ஒன்று இருக்கத்தான் வேண்டும், நீதிபதிகள் கையில் அது ஒரு பிடியாக இருக்கும் என்பது அவர் வாதம்.

நட்பு பாதி மாற்றியது, தேர்தல் மீதியை மாற்றியது. வர்ஜீனியாவில் செல்வாக்குடன் இருந்த பேட்ரிக் ஹென்றி, மேடிசன் செனட்டுக்குப் போகாதபடி தடுத்துவிட்டார். பிரதிநிதிகள் சபைக்கு நின்றபோது எதிரில் ஜேம்ஸ் மன்றோ நின்றார். பின்னாளில் இருவருமே ஜனாதிபதி ஆனவர்கள். அந்தத் தொகுதியில் பாப்டிஸ்ட் சபையினர் நிறைய இருந்தார்கள். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார்கள் என்பதற்காக அவர்களுடைய போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டது இருபது ஆண்டுக்குள் நடந்த கதை. மனசாட்சியின் சுதந்திரத்தை எழுத்தில் கேட்ட அவர்களுக்கு, திருத்தங்களுக்குப் பாடுபடுவேன் என்று மேடிசன் வாக்களித்தார். 1308க்கு 972 என்று வென்றார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். 1789 ஜூன் 8 அன்று, வேறு வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று முணுமுணுத்த சபையில், தன் திருத்தங்களை அவர் முன்வைத்தார். அந்தப் போதகர்களின் பெயர்கள் ‘நிறுவியவர்கள்’ வரிசையில் சேர்வதில்லை. சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரதிநிதிகள் சபை 17 திருத்தங்களை ஏற்றது. செனட் அவற்றை 12 ஆக்கியது. மாநிலங்கள் ஏற்றது 10. 1791 டிசம்பர் 15 அன்று அவை உரிமைச் சாசனமாகச் சட்டமாயின. முக்கியமானது என்பதால்தான் பேச்சுச் சுதந்திரத்தை முதலில் வைத்தார்கள் என்று மேடைகளில் சொல்வதுண்டு. உண்மையில் அது வரிசையில் மூன்றாவதாக இருந்தது. முன்னால் இருந்த இரண்டும் அப்போது தேறாததால் முதலிடத்துக்கு வந்தது. அந்த இரண்டில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம் பற்றியது, 1992இல் 27ஆம் திருத்தமாக நிறைவேறியது.

இந்தத் திருத்தங்கள் தத்துவ நூலிலிருந்து மட்டும் இறங்கி வந்தவை அல்ல, பட்ட காயத்திலிருந்தும் வந்தவை. நான்காம் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஆட்சியில் சுங்க அதிகாரிகளிடம் ஒரு பொது ஆணை இருக்கும். கடத்தல் சரக்கு இருப்பதாகச் சந்தேகம் என்று சொல்லி எந்த வீட்டிலும் எந்தக் கிடங்கிலும் நுழையலாம். யாருடைய வீடு, எந்தப் பொருள் என்று அதில் குறிப்பிட வேண்டியதில்லை. ஒருமுறை எழுதினால் அந்த அரசர் உயிரோடு இருக்கும்வரையும், இறந்தபின் ஆறு மாதமும் அது செல்லும். 1760இல் இரண்டாம் ஜார்ஜ் இறந்து ஆணைகளைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, 1761இல் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் பாஸ்டன் வணிகர்களுக்காக அதை எதிர்த்து வாதாடித் தோற்றார். வழக்கு தோற்றாலும் கோபம் தணியவில்லை. சத்தியப் பிரமாணத்தின் பேரில், தக்க காரணம் காட்டி, தேட வேண்டிய இடத்தையும் கைப்பற்ற வேண்டிய பொருளையும் குறிப்பிட்டால்தான் சோதனை ஆணை தரலாம் என்று நான்காம் திருத்தம் சொல்வது, அந்த அனுபவத்துக்கு வரிக்கு வரி பதில். வீடுகளில் சிப்பாய்களைத் தங்கவைக்கக் கூடாது என்ற மூன்றாம் திருத்தத்துக்கும் அதே மாதிரி வரலாறு உண்டு.

இவை பெரும்பாலும் அரசைப் பார்த்து ‘செய்யாதே’ என்று சொல்லும் வாக்கியங்கள். உரிமை ஏற்கெனவே மக்களிடம் இருக்கிறது, அரசு அதைத் தொடக் கூடாது என்பதே அவற்றின் அமைப்பு. அதனால் ஒரு சமூக ஊடக நிறுவனம் ஒருவருடைய பதிவை நீக்கினால், அது சரியோ தவறோ, முதல் திருத்தம் அதைத் தடுப்பதில்லை. அது கட்டிப்போடுவது அரசை மட்டும்தான்.

அதிலும் எந்த அரசை? பலர் கவனிக்காதது இது. மாநிலங்களும் மனசாட்சி உரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஜூரி விசாரணையையும் மீறக் கூடாது என்று மேடிசன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தன் பட்டியலிலேயே மதிப்பு மிக்கது அதுதான் என்றார். செனட் அதை வெட்டிவிட்டது. விளைவு, உரிமைச் சாசனம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாசசூசெட்ஸால் 1833 வரை தேவாலயங்களுக்காக வரி வாங்க முடிந்தது. தென் மாநிலங்களால் அடிமைமுறைக்கு எதிரான எழுத்தைக் குற்றமாக்க முடிந்தது. 1833இல் பால்டிமோர் படகுத்துறை உரிமையாளர் ஒருவரின் வழக்கில், உரிமைச் சாசனம் மாநிலங்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆம் திருத்தமும், 1925 முதல் அதைக்கொண்டு நீதிமன்றம் ஒவ்வொன்றாகத் தந்த தீர்ப்புகளும்தான் அந்தச் சுவரை உடைத்தன. இன்று ஓர் ஊர்க் காவலர் கைதானவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உரிமைச் சாசனம் சொல்கிறதென்றால், அந்த வலிமையைத் தந்தவர்கள் 1791இன் தலைமுறையினர் அல்லர்.

அடிமைமுறையை ஓரமாகத் தள்ளிவிட்டு இதைப் பேசுவது நேர்மை ஆகாது. 1790 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் அடிமைகள். பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணி, அந்த இடங்களின் பலனை எஜமானர்களிடம் கொடுத்தது மூல வாசகம். மேடிசன், ஜெஃபர்சன், மேசன் மூவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடிமை வணிகத்தைக் கண்டித்து மாநாட்டில் கடுமையாகப் பேசிய மேசன், தன் உயிலில்கூடத் தன்னிடம் இருந்தவர்களை விடுவிக்கவில்லை. உரிமைகளுக்காக வாதாடிய அதே ஆட்கள், வாதாட வாய்ப்பே இல்லாத மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார்கள்.

உரிமை கொண்டவர்களுக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. முதல் திருத்தத்துக்கு ஏழு வயது ஆவதற்குள், 1798இல், அரசையும் ஜனாதிபதியையும் அவதூறாக எழுதுவதைக் குற்றமாக்கும் தேசத்துரோகச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் ஜான் ஆடம்ஸ், அவரும் நிறுவியவர்களில் ஒருவர். வெர்மான்ட்டின் மாத்யூ லயன் என்ற உறுப்பினருக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தன. சிறையிலிருந்தபடியே அவர் மறுபடி தேர்தலில் வென்றார். மேடிசனும் ஜெஃபர்சனும் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. 1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார், மறு ஆண்டு சட்டம் காலாவதியானது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நிறுவியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டால், எந்த நிறுவியவர் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் போன வழி வேறு. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை மாநில அரசு விதித்த தடையை 1950இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே வந்த இந்தியாவின் முதல் திருத்தம், பேச்சுரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளை விரிவாக்கியது. அமெரிக்க வாசகத்தில் விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை. அங்கே வரம்புகளை வகுத்தவர்கள் நீதிபதிகள்.

பட்டியலில் இல்லாத உரிமைகள் என்னவாகும் என்று பட்டியலை மறுத்தவர்கள் எழுப்பிய கவலைக்கு மேடிசன் ஒன்பதாம் திருத்தத்தில் பதில் எழுதினார்: சில உரிமைகளைக் குறிப்பிட்டிருப்பதை வைத்து மற்றவற்றை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த மற்றவை எவை, அவற்றை யார் தீர்மானிப்பது என்று அவர் எழுதவில்லை. 1965இல் தம்பதியரின் கருத்தடை உரிமையை ஏற்றபோது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர் ஒன்பதாம் திருத்தத்தைச் சுட்டிக்காட்டினார்கள். 1973இல் ஏற்ற கருக்கலைப்பு உரிமையை 2022இல் அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. எழுதப்படாத உரிமை என்றால் அது நாட்டின் வரலாற்றில் ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். யாருடைய வரலாறு, எந்த ஆண்டு வரை என்பதில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய மூவரும் அவர்களோடு உடன்படவில்லை.