பொன்னாடை போதுமா?

கோலா தெர்லாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், பனி விலகுமுன் முதுகில் கூடை சுமந்து கொழுந்து கொய்யச் சென்ற தமிழ்ப் பெண்களுக்கு ஓர் உரிமை இருந்தது. கூடை தராசில் ஏறும்போது அவர்கள் அருகில் நின்றனர். நிறையை உற்று நோக்கினர். குறைத்துச் சொன்னால் வாதாடவும் செய்தனர். கூலி சிறிதே. ஆயினும் உழைப்புக்கு ஓர் அளவு உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. அதன் பின்னரே அதற்குப் பெயரும் உறையும் விலையும் வாய்க்கின்றன. அந்த ஆதாயத்தில் கொய்தவளுக்குப் பங்கில்லை.

அப்பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் ஓவியமும் இசையும் திரைக்கலையும் இலக்கியமும் பயில்கின்றனர். பாட்டிக்கு இருந்த தராசுகூட இவர்களுக்கு இல்லை என்பதே இன்றைய அவலம்.

கேமரன் மலையிலிருந்து ஓவியம் பயிலச் சென்ற மாணவன் ஒருவன் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறான் எனக் கொள்க. தெரிந்த வணிகர் ஒருவர் தம் தேயிலைப் பொட்டலத்திற்கு ஒரு படம் வரைந்து தருமாறு கேட்கிறார். "நம் பிள்ளைதானே" என்னும் உரிமையில் விலை பேசப்படவில்லை. எழுத்தில் ஒரு வரியும் இல்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளிக்கு வாழ்நாள் முழுதும், மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும் உரிமையை வழங்குகிறது. ஆனால் ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில், பணித்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. இவ்விதியை அறியாத மாணவன் தன் படம் ஆயிரமாயிரம் பொட்டலங்களில் அச்சேறுவதைக் கடைத்தெருவில் நின்று பார்ப்பான். தூரிகை பிடிக்கக் கற்பித்த கல்வி, இந்த ஒரு விதியைக் கற்பிக்க மறந்தது ஏன்?

தொழில்முனைவுப் பாடம் இருக்கிறதே என்பர் கல்வியாளர். உண்மை. உயர்கல்விக் கூடங்களுக்கான தொழில்முனைவு மேம்பாட்டுக் கொள்கை 2010இல் வெளியிடப்பட்டது. நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை, நடைமுறையே கேள்விக்குரியது. கவிதை எழுதுபவனும் கணினி பயில்பவனும் ஒரே குழுவாகச் சேர்ந்து, வளாகத்தில் கடை விரித்து, நாசி லெமாக் விற்று, வரவு செலவு எழுதிக் கொடுத்தால் பாடம் நிறைவுறுகிறது. உணவுப் பொட்டலம் ஒருமுறை விற்றால் தீர்ந்தது. ஒரு பாடலையோ படத்தையோ முற்றாகவும் விற்கலாம். உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் இசைவை மட்டும் பலருக்குப் பலமுறை வழங்கவும் செய்யலாம். கலைஞனின் பிழைப்பு இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாத பாடம் அவனுக்கு எவ்வகையில் பயன்படும்?

இனி, நம்மவர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. "கலை விலைப்பொருளன்று; புலவன் வணிகனல்லன்" என்பர். தம்மை நேரில் காணாமலே அதியமான் அளித்த பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரைச் சான்று காட்டுவர். அப்புறநானூற்றுப் பாடலை அவர்கள் முழுதும் படித்தல் வேண்டும். புலவர் பொருளை வெறுத்து மறுத்தாரல்லர்; தம் புலமையின் அளவறியாது கொடுத்தமையால் மறுத்தார். அளவறிந்து தருவது மிகச் சிறிதாயினும் இனிதென்றே அவர் கூறினார். தன் மதிப்பைத் தானே உணர்ந்து நின்ற அந்தப் பெருமிதமே இன்றைய மாணவன் கற்க வேண்டிய முதற்பாடம்.

பாரதியாரை வணிகர் என்று எவரும் இகழார். அவரே 1920இல் கடையத்திலிருந்து, தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடும் திட்டத்தை வகுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை எங்கும் பரவும் என நம்பினார். நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டார். முதல் திரளவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். கணக்கெழுதியதால் அவர் கவிதை கெட்டதா? அவர் கணக்கைச் சமுதாயம் பொருட்படுத்தாததால் கெட்டது அவர் வாழ்வே.

நூறாண்டு கழிந்தும் நிலை பெரிதும் மாறவில்லை. நூல் வெளியீட்டு விழாவில் செல்வர் ஒருவர் முதல் நூலைப் பெறுகிறார். உறைகளில் அன்பளிப்பு வருகிறது. மாலையும் பொன்னாடையும் சூட்டப்படுகின்றன. மறுநாள் எஞ்சிய படிகள் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலடியில் அடைக்கலம் புகுகின்றன. எத்தனை பேர் வாங்கினர், எத்தனை பேர் படித்தனர் என்று கேட்பாரில்லை. 1924இல் தோன்றிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோன நாடு இது. படைப்புகளைத் தாங்க ஏடுகள் என்றும் இருக்கும் என நம்பியிருத்தல் இனி இயலாது.

சந்தையைக் கற்ற கலைஞன் சந்தைக்கு அடிமையாவான் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் கணக்கறியாதவனே எளிதில் வளைக்கப்படுகிறான். வாடகைக்கும் உணவுக்கும் வழி அறிந்தவனுக்குத்தான் தகாத பணியை "இயலாது" என மறுக்கும் துணிவு வரும்.

ஆகவே, தமிழும் கலையும் பயிற்றும் துறைகள், உழைத்த நேரத்தைக் கணக்கிட்டு விலை குறித்தல், ஒப்பந்தம் எழுதுதல், பதிப்புரிமை காத்தல், வரவு செலவும் வரியும் பேணுதல் ஆகிய நான்கையும் மாணவரின் சொந்தப் படைப்பைக் கொண்டே கற்பிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. பள்ளிச் சுவரில் ஓவியம் தீட்டவும் ஆண்டு விழாவில் ஆடவும் பாடவும் முன்னாள் மாணவரை அழைப்போர், அழைக்கும்போதே ஊதியத்தைச் சொல்லட்டும். சிறு தொகையாயினும் எழுத்தில் தரட்டும்.

கொழுந்து கொய்த பாட்டி தன் கூடையின் நிறை அறியாமல் தராசை விட்டு நகர்ந்ததில்லை. பட்டம் பெற்ற பேரன், தன் படைப்பின் நிறை அறியாமல் பொன்னாடையோடு வீடு திரும்புவது முறையா?