பூனைக் காதில் எண்ணெய் எதற்கு?

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைப் புனே வந்த பின்னும் விடாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தலைக்குத் தேய்த்தது போக இரண்டு சொட்டைக் காதில் விடுவதும் அந்தச் சம்பிரதாயத்தில் சேர்த்தி. மனிதர் காதுக்கே அது வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டுப் பூனைக்கும் அதே உபசாரம் நடப்பதைக் கண்டுதான் இதை எழுதுகிறேன்.

பூனைக் காது சாமானியமானதல்ல. நம் செவிக்கு எட்டுவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை. பூனைக்கோ சுமார் 85,000 வரை எட்டும். எலிக்குஞ்சு தாயை அழைக்கும் மெல்லிய கீச்சொலி நமக்குக் கேட்பதேயில்லை, அதற்குக் கேட்கும். (நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் விதிவிலக்கு. அவற்றில் பல பிறவிச் செவிடு என்பதை டார்வினே 1859-இல் எழுதியிருக்கிறார்.)

இதன் காதுக் குழாய் முதலில் கீழிறங்கி, பிறகு உள்நோக்கி மடங்குகிறது. பஞ்சுக் குச்சியால் குடைந்தால் அழுக்கு அந்த வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். ஆரோக்கியமான காது தன் அழுக்கைத் தானே மெல்ல வெளியே தள்ளிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை மடலைப் புரட்டி வெளிச்சத்தில் பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது என்பது என் கட்சி.

வாடையில்லாமல் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். டிகாக்‌ஷன் இறங்கிய பின் ஃபில்டரில் தங்கும் காப்பிப்பொடி போலக் கருப்பாக ஏதேனும் தெரிந்து, பூனையும் ஓயாமல் சொறிந்துகொண்டால், அது பெரும்பாலும் காதில் குடியேறும் ஒருவகைச் சிற்றுண்ணியின் வேலை. அடுத்த வீட்டு நாயின் சொட்டு மருந்தைக் கடன் வாங்காதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் சக்தியையே பறித்துவிடும். நாய் மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே உலை வைக்கும். கால்நடை டாக்டர் உள்ளே பார்த்துச் சொன்ன பிறகே மருந்து. வீட்டில் இரண்டு பூனைகள் என்றால் இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம்.

குடைவதைப் போலவே காதுக்குப் பகை பேரிரைச்சல். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 தான் அனுமதி. கணபதி விசர்ஜனத்தன்று லக்ஷ்மி ரோடில் பொறியியல் கல்லூரிக்காரர்கள் 2022-லும் 2023-லும் அளந்தபோது 100-ஐத் தாண்டியிருந்தது. உற்சவத்தைக் குறை சொல்லவில்லை. டோல்-தாஷா கேட்டால் என் காலும் தாளம் போடும். சுவரை அதிரவைக்கும் டி.ஜே. பெட்டிகள்தான் என் ஆட்சேபம். 'வெளியூர்க்காரர் நமக்கேன் வம்பு' என்று சொசைட்டி கூட்டத்தில் நம்மவர் வாய் திறப்பதில்லை. கைக்குழந்தைகளும் பெரியவர்களும் அதே கட்டடத்தில்தானே இருக்கிறார்கள்? பெட்டியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல மராத்தியில் நாலு வார்த்தை போதும்.

ஊர்வலம் மறுநாளும் நீளும். அதுவரை தெருப்பக்கம் ஜன்னலில்லாத அறையில் மணல் தட்டும் தண்ணீரும் வைத்து, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் போடுங்கள். காதில் பஞ்சு மட்டும் அடைக்காதீர்கள். அதை எடுக்க அப்புறம் டாக்டரிடம் ஓட வேண்டிவரும்.